எண்பத்தேழாம் தலைக்கட்டு

நான் ஊருக்குத் தரவேண்டிய பாக்கி பதினாலாயிரத்து எழுநூற்று ஐம்பது ரூபாய் என்று எங்கள் ஊர்க்காரர்களின் பெங்களூர்ச் சங்கத்துக் கோவிந்தராஜன் சார் போனில் சொன்னார். அப்போது நான் லாரி மேல் நின்றிருந்தேன். ஒரு காதில் போன், ஒரு கையில் கயிறு.

"சங்கம் ஆரம்பிச்சு பதினோரு வருஷம் ஆச்சுங்க. மொத அஞ்சு வருஷம் வரி எழுநூத்தம்பது. அப்புறம் ஆறு வருஷம் ஆயிரம். இந்த வருஷம் கும்பாபிஷேகத்துக்குத் தனியா அஞ்சாயிரம். லேட்டா சேர்ந்தவங்களும் எல்லா வருஷத்துக்கும் கட்டணும், அதான் ரூல். மொத்தம் பதினாலு ஏழு அம்பது வருது. சரியா இருக்குதான்னு நீங்களே ஒருவாட்டி கூட்டிப் பாத்துக்கங்க."

"சரியா இருக்குதுங்க" என்றேன்.

கணக்கு சரியாகத்தான் இருந்தது. ஆள்தான் சரியில்லை. அது எனக்குத் தெரியும். அவருக்குத் தெரியாது.

கீழே கிளெமென்ட் ஃபோர்க்லிஃப்டை நிறுத்திவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். பழைய கண்டோன்மெண்ட் பக்கத்து ஆள். பதினாறு வருடமாக நானும் அவனும் ஒரே கம்பெனி. மரப்பெட்டி அடிக்கிற கம்பெனி. அவன் பெட்டியைத் தூக்கி வண்டி ஓரம் வைப்பான், நான் ஏற்றிக் கட்டுவேன்.

"இன்னா வெங்கடு, யாரு போன்ல?"

"ஊர்ல இருந்து. வரி பாக்கியாம். பதினாலாயிரத்துச் சொச்சம்."

"கடங்காரன் போன் பண்ணா எவனாவது சிரிப்பானா? நீ ஏம்பா பல்லைக் காட்டிக்கினு நிக்கிறே?"

நான் சிரித்துக்கொண்டிருந்தது அவன் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது.

எங்கள் ஊர் புங்கஞ்சந்தை. ஓசூர் தாண்டி இரண்டு பஸ் மாறவேண்டும். கிராமம் என்றும் சொல்ல முடியாது, டவுன் என்றும் சொல்ல முடியாது. ஒரு ஹைஸ்கூல், ஒரு போஸ்டாபீஸ், ஒரு டூரிங் கொட்டகை இருந்தது. செவ்வாய்க்கிழமை சந்தை. மாசி பங்குனியில் புளி வரும். வண்டி வண்டியாக வரும், மலைப்பக்கத்திலிருந்து கழுதை மேலும் வரும். அந்த இரண்டு மாதமும் ஊர் முழுக்கப் புளி வாசனைதான். அந்த மூட்டைகளைத் தூக்கித்தான் என் அப்பா கோவிந்தப்பா எங்களை வளர்த்தார். புளியை நேரே வாங்கிக்கொண்டு போக வெளியூர் லாரிகள் மலையடிவாரத்துக்கே வந்தபிறகு சந்தை இளைத்துவிட்டது. மழையும் குறைந்தது. முதலில் நிலம் இல்லாதவர்கள் பெங்களூர் வந்தோம். பத்து வருடம் கழித்து நிலம் இருந்தவர்களும் வந்துவிட்டார்கள். இப்போது ஊரில் பாதி வீடு பூட்டிக் கிடக்கிறது. திருவிழாவுக்குத்தான் திறப்பார்கள்.

வடக்குத் தெரு, மேட்டுத் தெரு, கோயில் தெரு, பேட்டைத் தெரு. இந்த நாலும் சேர்ந்தது ஊர். ஏரிக்கரைக்குக் கீழே எண்பது வீடு இருக்கிறது, அது கிழக்குக் காலனி. நாங்கள் காலனி. ஊர் என்று சொன்னால் அதில் நாங்கள் இல்லை.

திரௌபதியம்மன் கோயில் தீமிதிக்கு ஊரில் வரி போடுவார்கள். கல்யாணமான ஆண்பிள்ளை ஒவ்வொருவனும் ஒரு தலைக்கட்டு. புருஷன் செத்தவள் அரைத் தலைக்கட்டு. ஒரு நீளமான நோட்டில் தெருவாரியாகப் பெயர் இருக்கும். வரி கட்டினவனுக்குக் கூட்டத்தில் உட்கார இடம் உண்டு, பேச வாய் உண்டு. சந்தையில் கடை போடச் சீட்டுக் குலுக்கும்போது அவன் பெயரும் உண்டு. காலனியில் வரி வாங்கமாட்டார்கள். இல்லாதவர்கள் என்று விட்டுவிட்டதாகச் சொல்வார்கள். அப்படி இல்லை. காசு கொண்டுபோய்க் கொடுத்தாலும் வாங்கமாட்டார்கள். என் பெரியப்பா ஒருமுறை காலனிக்காகக் காசு சேர்த்து மஞ்சள் துணியில் முடிந்து கொண்டுபோனார். முடிச்சை அவிழ்க்காமலே திரும்பி வந்தது. அதற்குப் பதிலாக எங்களுக்கு வேலை உண்டு. தீமிதிக்குக் குழி வெட்டுவது, விறகு சுமப்பது, மேளம் அடிப்பது. தீ மிதிக்கிற நேரத்துக்கு நாங்கள் கயிற்றுக்கு வெளியே நிற்கவேண்டும்.

இதைவிட எனக்கு நன்றாக நினைவிருப்பது ஏரி மீன்தான். சித்திரையில் ஏரி வற்றும்போது மீன் பிடிப்பார்கள். வலை இழுப்பது காலனி ஆட்கள். மீனைக் கரையில் குவித்து வைத்துக் கணக்குப்பிள்ளை நோட்டைத் திறந்து பெயர் கூப்பிடுவார். கூப்பிட்டவன் கூடையோடு போகவேண்டும். ஒரு வருடம் அவர் "கோவிந்தப்பா" என்று கூப்பிட்டார். சேற்றில் நின்றிருந்த என் அப்பா சட்டென்று கரையேறி இரண்டு எட்டு வைத்துவிட்டார். மேட்டுத் தெருவிலும் ஒரு கோவிந்தப்பா உண்டு. அவர் கூடையோடு வந்தார். கரை முழுக்கச் சிரித்தது. அப்பாவும் சிரித்தார். சிரித்துக்கொண்டே திரும்பிச் சேற்றில் இறங்கினார். நாங்கள் சேற்றில் மிச்சம் கிடந்ததைப் பொறுக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனோம். அன்றைக்குக் குழம்பு நன்றாகத்தான் இருந்தது.

பெங்களூர்ச் சங்கத்து நோட்டில் என் பெயர் எப்படி வந்தது என்று சொல்கிறேன்.

போன தை மாதம் பொம்மசந்திராவில் ஒரு டீக்கடைச் சுவரில் நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். தமிழ் நோட்டீஸ். பஸ் போர்டு பார்க்கவேண்டி எனக்கு முதலில் கன்னட எழுத்துதான் வந்தது. தமிழை நாற்பத்து மூன்று வயதுக்குமேல், ஒக்கலிபுரத்தில் என் மனைவி பாமா வீட்டுப் பக்கத்துப் புத்த விகாரில் ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்குப் போய்க் கற்றுக்கொண்டேன். இன்னும் வேகமாகப் படிக்க வராது. டீ ஆறுகிறவரைக்கும் நின்று படித்தேன். 'புங்கஞ்சந்தையைச் சேர்ந்த பெங்களூர்வாழ் மக்கள் அனைவரும்' என்று இருந்தது. எங்கள் ஊர் பெயரை அச்சில் அதற்குமுன் நான் பார்த்ததில்லை. அனைவரும் என்ற சொல்லை இரண்டு தடவை படித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அந்த முகவரிக்குப் போனேன். அது கோவிந்தராஜன் சாரின் மெஸ். அன்றைக்கு அவர் இல்லை. எலெக்ட்ரானிக் சிட்டியில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிற கவியரசன் என்ற பையன் வாசலில் நாற்காலி போட்டுச் செல்போனில் பெயர் ஏற்றிக்கொண்டிருந்தான். பெங்களூரிலேயே பிறந்தவன். திருவிழாவுக்கு மட்டும் ஊருக்குப் போகிறவன்.

"வாங்கண்ணா. பேரு சொல்லுங்க."

"வெங்கடசாமி."

"அப்பா பேரு?"

"கோவிந்தப்பா."

செல் நம்பர் கேட்டான். என்ன வேலை என்று கேட்டான். வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டான். அவ்வளவுதான். அவன் போனில் ஐந்து கட்டம் இருந்தது. தெருவுக்குக் கட்டம் இல்லை. ஊரில் உட்கார்ந்து நோட்டுப் போட்ட எவனும் இந்தத் தப்பைச் செய்திருக்கமாட்டான். அங்கே முதலில் தெரு, பிறகுதான் பெயர்.

"நீங்க எண்பத்தேழாவது தலைக்கட்டு அண்ணா" என்று சொல்லி அந்தப் பையன் எனக்குக் கை கொடுத்தான்.

நான் பொய் சொல்லவில்லை. கேட்டதற்கெல்லாம் உண்மையைத்தான் சொன்னேன். ஆனால் பஸ்ஸில் வரும்போது திருட்டுச் சாமானை மடியில் வைத்திருக்கிற மாதிரி இருந்தது.

பாக்கித் தொகையைக் கேட்டதும் பாமா கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள். அவள் எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒரு கட்டடத்தில் ஹவுஸ்கீப்பிங். ஹெப்பகோடியில் நாங்கள் இருக்கிற ரூமுக்குக் கக்கூஸ் ஆறு வீட்டுக்குப் பொது. தனிக் கக்கூஸ் உள்ள வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுக்க இரண்டு வருடமாகச் சேர்த்துக்கொண்டிருந்தோம்.

"உள்ள விடாத சாமிக்கு எதுக்குய்யா பதினாலாயிரம்?"

"சாமிக்கு இல்ல."

"பின்ன?"

"நோட்டுக்கு."

"நோட்டுல பேரு இருந்தா கக்கூஸ் கட்டித் தருவாங்களா?"

"தரமாட்டாங்க."

"எங்கப்பா அதெல்லாம் வேணாம்னுதான் வூட்டு சுவத்துல புத்தர மாட்டிட்டு நிம்மதியா இருந்தாரு. நீ திரும்பிப் போயி அந்தக் கதவத் தட்டுற."

"தட்டல பாமா. அவங்கதான் கூப்ட்டாங்க."

"தெரியாம கூப்ட்டாங்க" என்றாள்.

அது சரிதான். ஆனாலும் கட்டினேன். ஓவர்டைம் பார்த்தேன், சீட்டு எடுத்தேன். மாசியில் ஐயாயிரம். பங்குனியில் ஐயாயிரம்.

முதல் தடவை பணம் கட்டப் போனபோது கோவிந்தராஜன் சாரை நேரில் பார்த்தேன். கனத்த ஆள், அறுபது வயது இருக்கும். பதினைந்து வயதில் வடக்குத் தெருவிலிருந்து ஓடிவந்து தட்டுக் கழுவி மெஸ் வைத்தவர். என் முகம் அவருக்குத் தெரிய வாய்ப்பில்லை.

"வாங்க வாங்க வெங்கடசாமி. உக்காருங்க. தம்பி, சாருக்குக் காப்பி கொண்டா. அப்பா என்ன பண்ணிட்டு இருந்தாருங்க?"

"சந்தைல மூட்டை தூக்கினாருங்க."

"அந்தக் காலத்துல யாருங்க தூக்கல? நானே தூக்கியிருக்கேன். புளிமூட்டை தூக்கின தோளு, அதான் இன்னிக்கும் அடுப்படில நிக்குது" என்று சொல்லித் தோளைத் தட்டிக்காட்டினார். பிறகு ரசீதுப் புத்தகத்தில் கார்பன் தாள் வைத்து என் பெயரை எழுதினார். 'திரு. வெங்கடசாமி, த/பெ கோவிந்தப்பா, தலைக்கட்டு எண் 87.' திரு என்று எழுதியிருந்தார். பங்குனியிலும் அப்படியே எழுதிக் கொடுத்தார். அந்த இரண்டு ரசீதையும் ஆதார் கார்டு வைக்கிற பிளாஸ்டிக் உறைக்குள் வைத்தேன். பாமா பார்க்காதபோது எடுத்துப் படிப்பேன். படிக்க எனக்கு நேரமாகும் என்பதால் இரண்டு ரசீதே போதுமானதாக இருந்தது.

நாலாயிரத்து எழுநூற்று ஐம்பது மிச்சம் இருந்தது.

சித்திரை முதல் வாரம், கம்பெனியில் சாப்பாட்டு நேரம். கவியரசன் போன் செய்தான்.

"அண்ணா, கும்பாபிஷேக வரி கட்டினவங்க பேரு கோயில்ல கல்வெட்டுல வருது. தெருவாரியா வெட்டணும்னு ஊர்ல சொல்றாங்க. நம்ம லிஸ்ட்ல தெருவே இல்ல, நான்தான் மிஸ் பண்ணிட்டேன். எல்லாருக்கும் போன் போட்டுக் கேட்டுட்டு இருக்கேன். நீங்க எந்தத் தெரு?"

நான் வாயில் இருந்த சோற்றை விழுங்கினேன். கிளெமென்ட் எதிரே உட்கார்ந்து முட்டை உரித்துக்கொண்டிருந்தான்.

வடக்குத் தெரு என்று சொல்லியிருக்கலாம். மேட்டுத் தெரு என்றால் இன்னும் சுலபம், அங்கே ஒரு கோவிந்தப்பா இருந்தாரே. அவருக்கு ஒரு பிள்ளை இருந்தான் என்று எழுதிக்கொண்டிருப்பார்கள். என் பெயர் கல்லில் ஏறியிருக்கும். ஆனால் அது அந்தக் கோவிந்தப்பாவின் மகன் வெங்கடசாமியாக இருந்திருக்கும். என் அப்பா மறுபடியும் சேற்றில் இறங்கவேண்டியதுதான்.

"அண்ணா? லைன்ல இருக்கீங்களா?"

"கிழக்குக் காலனி" என்றேன்.

"கிழக்குக் காலனி. ஓகேண்ணா, ஏத்திட்டேன். தேங்க்ஸ்ணா" என்று வைத்துவிட்டான். அவனுக்கு அது இன்னொரு தெரு.

நடந்ததை கிளெமென்ட்டுக்குச் சொன்னேன். அவன் முட்டையைப் பாதி பிட்டு என் டிபன் பாக்ஸில் வைத்தான். "போச்சு போ. உனக்கு வாய சும்னே வச்சுக்க முடியாது" என்றான்.

மூன்றாம் நாள் கோவிந்தராஜன் சார் கூப்பிட்டார். வாங்க போய், வா வந்திருந்தது.

"வெங்கடசாமி, ஞாயித்துக்கிழமை மூணு மணிக்கு மெஸ்ஸுக்கு வா. ரெண்டு ரசீதையும் எடுத்துட்டு வா."

போனேன். மதியச் சாப்பாடு முடிந்து பெஞ்சுகளைக் கவிழ்த்து வைத்துக் கழுவிக்கொண்டிருந்தார்கள். அவர் கல்லாவில் இருந்தார். கவியரசன் ஓரமாக நின்றிருந்தான். யாரும் உட்காரச் சொல்லவில்லை. பெஞ்சும் கவிழ்ந்திருந்தது, அதனால் அதைப் பெரிதாகச் சொல்ல முடியாது.

"ஏம்ப்பா, மொதல்லயே சொல்றதுக்கு என்ன?"

"யாரும் கேக்கலீங்க."

"கேக்கலன்னா? உனக்குத் தெரியாதா ஊர் வழக்கம்? எனக்கு ஒண்ணுமில்லப்பா. இந்த மெஸ்ல யாரு எந்தத் தெருன்னு பாத்தா சோறு போடறேன்? ஒரே பெஞ்சுலதான் எல்லாரும் திங்கறாங்க. ஆனா ஊர்ல நேத்து கூட்டம் போட்டுட்டாங்க. காலனில வரி வாங்கினா நாளைக்கு மீன்ல பங்கு கேப்பாங்க, கூட்டத்துல வந்து உக்காருவாங்கன்னு ஒரே சத்தம். என்னைப் பிடிச்சு, பெங்களூர்ல போயி மானத்த வித்துட்டியாடான்னு கேக்கறான் தர்மகர்த்தா. என் வயசுக்கு நான் இதக் கேக்கணுமா?"

"அங்கிள், அவர் கட்டியிருக்கார். ரசீது கொடுத்திருக்கோம்" என்றான் கவியரசன்.

"நீ சும்மா இருடா. ஒரு கட்டம் போட மறந்துட்டு நீ பண்ணின வேலை இது."

பையன் முகம் சிவந்துபோய்ப் போனைப் பார்க்கத் தொடங்கினான். அவன் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவன் மறந்த ஒரு கட்டத்தில் நான் மூன்று மாதம் குடியிருந்தேன்.

கோவிந்தராஜன் சார் ஒரு கவரை எடுத்து வைத்தார். "பத்தாயிரம். எண்ணிக்க. மீதி நாலாயிரத்து எழுநூத்தம்பது பாக்கி இருந்துச்சே, அதையும் தள்ளுபடி பண்ணிட்டேன். உனக்கு ஒரு காசு நஷ்டம் இல்ல. ரசீதக் குடு."

"தள்ளுபடின்னா பாக்கி இருந்துச்சுன்னு அர்த்தம் வருதுங்களே" என்றேன்.

"என்ன?"

"ஆளே நோட்டுல இல்லன்னா பாக்கி எப்படிங்க வரும்? பாக்கியே இல்லன்னா எதைத் தள்ளுபடி பண்ணுவீங்க?"

அவர் கவரை என் பக்கம் தள்ளினார். "வம்பு பண்ணாதப்பா. நானே நொந்து போயிருக்கேன்" என்றார். அவர் குரலில் திமிர் இல்லை. அதனால் எனக்கு அதற்குமேல் பேச வரவில்லை. அங்கே நின்று சண்டை போடுகிற தெம்பும் இல்லை, முந்தின நாள் ராத்திரி வரை ஓவர்டைம். உறையிலிருந்து இரண்டு ரசீதையும் எடுத்துக் கொடுத்தேன். அவர் அவற்றைக் கிழித்து, ரசீதுப் புத்தகத்தில் அடிக்கட்டையின் குறுக்கே கோடு போட்டு 'ரத்து' என்று எழுதினார். நோட்டில் எண்பத்தேழை அடித்தார். ஸ்கேல் வைத்து நேராக அடித்தார்.

வெளியே வந்ததும் போன் சத்தம் போட்டது. சங்கத்து வாட்ஸப் குழுவிலிருந்து என்னை நீக்கியிருந்தார்கள்.

பாமாவிடம் கவரைக் கொடுத்தேன். அவள் எண்ணினாள். இரண்டு தடவை எண்ணினாள். அட்வான்ஸுக்கு ஆயிற்று என்று சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன்.

"ரசீது எங்க?"

"வாங்கிக் கிழிச்சிட்டாரு."

"கிழிச்சிட்டாரா?"

"ரத்துன்னு எழுதினாரு."

"காசு அவங்க கோயிலுக்கு. வேணாம்னா திருப்பிக் குடுக்கலாம். ரசீது உன் பேருல இருந்துச்சு. அது உன் பொருளு. அத எப்படிக் கிழிப்பாங்க?" அவள் எழுந்து நின்றுவிட்டாள். "நீயும் எடுத்துக் குடுத்துட்டு வந்து நிக்கிற."

கவரை அலமாரியில் வைத்துவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனாள். செவ்வாய்க்கிழமை வேலைக்குக் கிளம்பும்போது, "கும்பாபிஷேகக் கார்டுல பேங்க் நம்பர் போட்டிருந்துச்சே, அது இருக்கா?" என்று கேட்டாள்.

இருந்தது. வரி கட்டப் போனபோதே எனக்கும் ஒரு கார்டு கொடுத்திருந்தார்கள். கோயில் கணக்கு எண்ணை அடியில் பெரிய எழுத்தில் போட்டிருந்தார்கள். நன்கொடை அளிப்போர் வங்கியில் நேரடியாகவும் செலுத்தலாம் என்று இருந்தது. அதே பேங்குக்குப் பொம்மசந்திராவில் கிளை உண்டு. என் சம்பளம் வருவதும் அங்கேதான்.

ஆனால் ஒரு ஆளைக் கேட்காமல் அதைச் செய்ய முடியாது. என் அக்கா முத்தம்மா இன்னும் காலனியில்தான் இருக்கிறாள். நான் இங்கே கட்டுவதற்கு அங்கே அவள்தான் பதில் சொல்லவேண்டிவரும். சந்தையில் தரையில் சாக்கு விரித்துக் கருவாடு விற்கிறாள். போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னேன். முழுக்கக் கேட்டுக்கொண்டாள்.

"இங்க அதான் பேச்சா கெடக்குது" என்றாள். "கோவிந்தப்பா மவன் பெங்களூர் நோட்டுல பூந்துட்டான்னு. நான் பூந்துட்டான்னா எலியாடான்னு கேட்டேன்."

"மறுபடி பணம் போட்டா உன்னை எதாவது சொல்லுவாங்களாக்கா?"

"சொல்லுவாங்க. சந்தைல உக்காராதேம்பாங்க. வாரத்துக்கு முந்நூறு ரூவா கருவாடு விக்கிற சந்தைடா அது. மலைக்கு அந்தாண்ட சந்தைக்குக் கூடையத் தூக்கிட்டுப் போறேன். காலு இன்னும் இருக்குது." பிறகு சொன்னாள். "ஒண்ணு பண்ணு. எந்தத் தெருன்னு போட்டுக் கட்டு. அப்பன் பேரையும் போடு. மேட்டுத் தெருவான் கட்டினான்னு எவனும் சொல்லிரக்கூடாது."

கையில் பத்தாயிரம் இருந்தது. கடைசித் தவணைக்கென்று நான் வைத்திருந்தது நாலாயிரம். எழுநூற்று ஐம்பது குறைந்தது. மேஸ்திரியிடம் கேட்கலாம் என்று இருந்தேன். பாமா தன் பையிலிருந்து எடுத்து வைத்தாள். அட்வான்ஸ் பேச்சை அவளும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை.

சனிக்கிழமை அரைநாள் லீவு போட்டு பேங்குக்குப் போனேன். கவுண்டரில் மமதா என்று பெயர்ப்பலகை வைத்திருந்த மேடம் இருந்தார். பணம் கட்டுகிற சீட்டை எடுத்து, முழுவதும் தமிழில் நிரப்பி நீட்டினேன். அதற்கே கால் மணி நேரம் ஆகியிருந்தது. அவர் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார்.

"இது ஆகல்ல. இங்கிலீஷ் இல்ல கன்னடா. கன்னட பருத்தா நிமகே?" தமிழ் ஆகாது, இங்கிலீஷ் அல்லது கன்னடம் வேண்டும், கன்னடம் வருமா என்று கேட்கிறார்.

"பருத்தே மேடம். பரியோக்கூ பருத்தே." எழுதவும் வரும் என்றேன்.

புதுச் சீட்டு வாங்கி ஓரமாக உட்கார்ந்தேன். கன்னடம் எனக்குக் கொஞ்சம் வேகமாக வரும். கோயில் கணக்கு எண்ணைக் கார்டில் பார்த்து ஒவ்வொன்றாக எழுதினேன். தொகையை எழுதினேன். கட்டுபவர் பெயர் என்ற இடத்தில், வெங்கடசாமி, அப்பா கோவிந்தப்பா, கிழக்குக் காலனி, புங்கஞ்சந்தை. இடம் போதவில்லை. கடைசி இரண்டு சொல்லைக் கோட்டுக்கு மேலே ஏற்றி எழுதவேண்டியிருந்தது.

மேடம் நோட்டுகளை மிஷினில் போட்டார். "யாருக்கு, தேவஸ்தானத்துக்கா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "விவரத்தில் என்ன போடறது?"

"கிழக்குக் காலனி வரி என்று போடுங்கள்" என்று கன்னடத்தில் சொன்னேன். அவர் தட்டினார். சீட்டின் பாதியைக் கிழித்து முத்திரை குத்திக் கொடுத்தார். நீல மை காயவில்லை. ஊதிக்கொண்டே வெளியே வந்தேன்.

போட்டோ எடுத்து கோவிந்தராஜன் சாருக்கு அனுப்பினேன். அவர் சாயங்காலம்தான் கூப்பிட்டார். நான் கம்பெனி வாசலில், எடை மேடை ஓரம் நின்றிருந்தேன். போனில் அவருக்குப் பின்னால் பாத்திரம் தேய்க்கிற சத்தம் கேட்டது.

"என்னய்யா இது, கன்னடத்துல?"

"பேங்க்ல அப்படித்தான் கேட்டாங்க."

"ஊர்ல இதப் படிக்க ஒருத்தன் கெடையாது. தர்மகர்த்தாவுக்கு அனுப்பினா, என்னடா சுருட்டி சுருட்டி எழுதியிருக்குங்கறான். நான்தான் படிச்சுச் சொன்னேன். தெருவோட படிச்சுச் சொன்னேன்."

"என்ன சொன்னாருங்க?"

"கத்தினான். பேங்க்ல ஏறிட்டுது, பேங்க்காரன் புத்தகத்துல உன் பேரு, உன் தெரு எல்லாம் வந்துட்டுது. அதை அடிக்க தர்மகர்த்தாகிட்ட ஸ்கேல் இல்ல." சிரித்தாரா என்று தெரியவில்லை. "கல்வெட்டுல வராதுய்யா. அதுல நான் ஒண்ணும் பண்ண முடியாது. அத முன்னாடியே சொல்லிடறேன்."

"சரிங்க. பாக்கி எவ்வளவுங்க?"

"என்ன பாக்கி?"

"என் பேர்ல. பதினாலாயிரத்து எழுநூத்தம்பது இருந்துச்சுங்களே."

நோட்டைப் புரட்டுகிற சத்தம் கேட்டது. அந்த நோட்டில் என் பெயர் அவரே அடித்த கோட்டுக்குக் கீழே இருந்தது, அதை எடுத்துப் பார்க்க அவசியமே இல்லை. ஆனாலும் புரட்டினார்.

"எண்பத்தேழு" என்றார். "பாக்கி இல்ல."